எட்டு நிமிடம் முந்தி

பெரு நாட்டு மலையூரான பூக்யோபாம்பாவில் கேரட் கழுவுகிற தொட்டிக்குள் இறங்குகிறவர்களுக்கு முதல் பத்து நிமிடம்தான் பாடு. பனிமலை உருகி வாய்க்காலில் வருகிற தண்ணீர். காலை வைத்ததும் குதிகாலிலிருந்து முழங்கால் வரை எலும்பைப் பிடித்துத் திருகும். பிறகு மரத்துப்போகும். மரத்த காலோடு, தொட்டியின் குறுக்கே கட்டிய கம்பைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை கேரட்டை மிதித்துப் புரட்ட வேண்டும். மண் கரைந்து தண்ணீர் பழுப்பாக வழிந்து போகப் போகக் காலுக்கடியில் ஆரஞ்சு நிறம் தெளிந்து வரும். கழுவியதை மூட்டையில் போட்டு, வாய்ப்பக்கம் புல் வைத்துத் தைத்து, மூன்று மணிக்குள் லாரியில் ஏற்றியாக வேண்டும். அப்போதுதான் விடிகிற நேரத்துக்கு லீமா சந்தையில் இறங்கும்.

தெல்ஃபின் அந்தத் தொட்டியில் இறங்கி ஐந்து வருடமாகிறது. அதற்கு முன்னால் அவன் ஓட்டக்காரன்.

மந்தாரோ பள்ளத்தாக்கில் அது ஒன்றும் அதிசயமான பிழைப்பு இல்லை. ஊருக்கு நாலு தையல்காரர் இருப்பது மாதிரி ஊருக்கு நாலு ஓட்டக்காரர் இருப்பார்கள். விடியற்காலையில் பக்கத்து நகரமான உவான்காயோவுக்குப் போகிற வேனில் உட்கார்ந்து பார்த்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் குளிரில் வாயால் ஆவி விட்டபடி ஓடிக்கொண்டிருப்பார்கள். காய்கறி மூட்டையோடு நிற்கிற பெண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். கீழ்நாட்டு ஆட்கள் இங்கே வந்தால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். மலை உயரத்தின் அந்த மெல்லிய காற்றிலேயே பிறந்து வளர்ந்த நெஞ்சுகள் இவை.

தெல்ஃபினும் நேலிதாவும் லாசரோ வாத்தியாரிடம் ஒன்றாக ஓடிப் பழகியவர்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறவர் லாசரோ. அவர் கழுத்தில் தொங்குகிற கடிகாரத்தைப் பார்த்தே இரண்டு பேரும் காதலித்தார்கள் என்று ஊரில் கேலி செய்வார்கள். கல்யாணமாகி இரண்டாம் வருடம் யாமிலே பிறந்தாள்.

நேலிதாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. தெல்ஃபினின் ஆட்கள் கீழே காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. ஐந்து மணிக்கு அவன் ஓடப் போவான். ஏழு மணிக்கு வியர்வையோடு வந்து நிற்கும்போது அவள் ஷூ கட்டி வாசலில் தயாராக இருப்பாள். முதுகுத் துணியை அவிழ்த்துப் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு அப்படியே ரோட்டில் இறங்கிவிடுவாள். பேச நேரமிருக்காது. "பால் குடிச்சாச்சு" என்றோ "வயிறு சரியில்ல" என்றோ ஒரு வார்த்தைதான். அவன் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சுவான், அடுப்படியில் கறிக்கு வளர்க்கிற கினிப்பன்றிகளுக்குப் புல் போடுவான். அதுகள் கீச்சுக் கீச்சென்று கத்தும்போது முதுகில் பிள்ளை சிரித்துக் குலுங்குவது அவன் தண்டுவடத்தில் தெரியும்.

பத்து மாதம் இப்படி ஓடிற்று. இரண்டு பேருக்கும் தூக்கமில்லை, இரண்டு பேருடைய நேரமும் கெட்டது. ஒருநாள் லாசரோ வாத்தியார் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். தெற்கே ஏரிக்கரை ஊரில் ஒரு பயிற்சி முகாம் ஆரம்பித்திருக்கிறார்கள், பஸ்ஸில் ஒரு பகலும் ஒரு இரவும் போக வேண்டும், அவர் கையெழுத்தில் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்வார்கள் என்றார். ஆணோ பெண்ணோ, அவர் இஷ்டம்.

"ரெண்டு பேரும் அரை அரையா ஓடிக்கிட்டிருக்கீங்க. அரையும் அரையும் சேந்தா ஓட்டத்துல ஒண்ணு ஆகாது. யாராவது ஒருத்தர் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார்.

இரண்டு பேரும் பிள்ளையைப் பார்த்தார்கள். ஓடிப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்றவள் நேலிதாதான். தொட்டியடியிலிருந்து ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினால் இருபது கிலோமீட்டர். இரண்டு பேருடைய நல்ல நேரத்துக்கும் நடுவே எட்டு நிமிட வித்தியாசம் என்று வாத்தியார் தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆகவே நேலிதா எட்டு நிமிடம் முந்திக் கிளம்புவாள். முதலில் திரும்பி வருகிறவர் முகாமுக்கு. அடுத்தவர் பிள்ளைக்கு.

பிள்ளையை அன்றைக்குத் தொட்டிக்காரி எர்மீனியாவிடம் விட்டுவிட்டு ஓடினார்கள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அவள் திரும்பி வருகிறபோது எதிரே அவன் போய்க்கொண்டிருந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. பனியனின் முன்பக்கம் இரண்டு வட்டமாகப் பால் நனைந்திருந்ததைத்தான் பார்த்தான். பால் கட்டிக்கொண்டு ஓடுகிறாள், கடைசியில் தளர்ந்துவிடுவாள், பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். அப்படிக் கணக்குப் போட்டது பிற்பாடு வெகுகாலம் அவன் மனசை அறுத்தது. கடைசி மூன்று கிலோமீட்டர் அவன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. வந்து சேர்ந்தபோது அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது செகண்டு என்றார் வாத்தியார்.

அந்த வாரமே மார்பில் கற்றாழைக் கசப்பைத் தடவிப் பால் மறக்கடித்தாள். ஜூலை முதல் ஞாயிறு பஸ் ஏறினாள். ஏறும்போது அழவில்லை. பஸ் திரும்புகிற இடத்தில் ஜன்னலில் அவள் உள்ளங்கை மட்டும் ஒட்டியிருந்தது.

*

ஆரம்பத்தில் எர்மீனியா அவனை வேலைக்கு வைத்துக்கொண்டது பிள்ளைக்காகத்தான். கணவனை இழந்து தனியாகத் தொழில் நடத்துகிற கெட்டிக்காரப் பெண்பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம். தொட்டி ஓரத்தில் மூட்டைகளை அடுக்கிச் சின்னக் கூண்டு மாதிரி செய்து யாமிலேயை உள்ளே விடுவாள். வெயில் ஏறினால் தொப்பியைக் கழற்றிப் பிள்ளை தலையில் வைப்பாள். "தெல்ஃபினாத்தா, உம் மக மூத்திரம் பேஞ்சுட்டா, வந்து தூக்கு" என்று எல்லோர் முன்னாலும் கூப்பிடுவாள். தொட்டியில் நிற்கிற ஆம்பிளைகள் சிரிப்பார்கள். தெல்ஃபினாத்தா என்கிற பெயர் அவனுக்கு அப்படியே நிலைத்தது.

பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டாயாமே, உன்னைப் போல் யாருக்கு மனசு வரும் என்று அவர்களே மதியச் சாப்பாட்டில் கேட்பார்கள். அவன் உருளைக்கிழங்கை உரித்தபடி சும்மா சிரித்துவைப்பான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொட்டித் தண்ணீரில் நிற்கிற ஆளுக்கு அந்த ஒரு மரியாதையாவது இருக்கட்டுமே என்று விட்டுவிட்டான்.

முதல் வருடம் வேலை முடிந்து சாயங்காலம் ஓடிப் பார்த்தான். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஓடினால் பாதி வழியில் அழுகிற சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும், திரும்பிவிடுவான். மூன்றாம் வருடம் முட்டிக்குள் குளிர் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்து நிற்கும்போது மரக்கட்டை முறிகிற மாதிரி சத்தம் கேட்கும். ஷூவைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான்.

அதற்காக அவன் துக்கப்பட்டான் என்று சொல்ல முடியாது. ஓட்டத்தில் கிடைக்காதது என்னென்னவோ அவனுக்கு இந்தப் பிள்ளையிடம் கிடைத்தது. கேரட் சில சமயம் இரண்டு காலாகப் பிளந்து விளையும். சந்தையில் எடுக்கமாட்டார்கள். அதை யாமிலே பொறுக்கிச் சேர்த்துக்கொள்வாள். தொட்டி விளிம்பில் வரிசையாக நிறுத்தி ஓட்டப் பந்தயம் வைப்பாள். எந்தக் கேரட்டும் தோற்காது. மதியம் வெயிலில் சுட்ட தண்ணீரை முகந்து அவளைக் குளிப்பாட்டுவான். ஈரத் தலையோடு அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்து அவள் நடுங்குகிற அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவன் காலையிலிருந்து தண்ணீரில் நிற்கலாம். எர்மீனியாவிடம் கேட்டு மூட்டைக் கயிற்றில் பழகி இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டான். தூங்கும்போது அவளுக்கு அவன் காதுமடல் கையில் வேண்டும். விட்டால் விழித்துக்கொள்வாள். முதல் நடை, முதல் வார்த்தை, அம்மை போட்டு ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தது, பாலர் பள்ளியின் முதல் நாளில் அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது எல்லாம் அவன் கண்முன்னால்தான் நடந்தன.

நேலிதா நன்றாக ஓடினாள். வெளிநாட்டுப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தபோது உவான்காயோ பேப்பரில் படம் போட்டார்கள். வருடத்துக்கு இரண்டு முறை பத்துப் பன்னிரண்டு நாள் வந்து போவாள். ஒவ்வொரு முறையும் மகளுக்கு ஷூ வாங்கி வருவாள். ஒவ்வொரு முறையும் ஒரு அளவு சின்னதாக இருக்கும். கடைசியாகப் பார்த்த காலை மனசில் வைத்துக்கொண்டு வாங்கியது. அவள் போன பிறகு எர்மீனியாவின் அண்ணன் பேத்திக்கு அதைக் கொடுத்துவிடுவான் தெல்ஃபின்.

*

ஐந்தாவது வருடம் ஜூனில் அவள் வந்தபோது உறைபனிக் காலம். காலையில் உருளைச் செடியெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் தோலை உரிக்கும். யாமிலேக்கு ஆறு வயது ஆகப்போகிறது.

பிள்ளை தாயிடம் மரியாதையாக இருந்தாள். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. சூப்பை நீட்டினால் "நன்றி மம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விருந்தாளிக்குச் சொல்கிற நன்றி அது. இரண்டாம் நாள் காலையில் நேலிதா தலைவாரிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காத்திருக்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள் யாமிலே. முடிந்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அங்கே விறகு பிளந்துகொண்டிருந்த தகப்பனிடம் முதுகைக் காட்டி நின்றாள். சத்தமில்லாமல் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னாள். தெல்ஃபின் தயங்கினான். பிள்ளை காலை உதைத்தாள். அவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு அவிழ்த்துப் போட்டான். நிமிர்ந்தபோது அடுப்படி ஜன்னலில் நேலிதா நின்றுகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டில் வறுத்த சோளம் வைத்தாள். யாமிலேக்கு உயிர் அது. ஆனால் அன்றைக்குத் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பல் ஆடுது என்றாள்.

"எந்தப் பல்லு? எப்பலேருந்து?"

"பப்பாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு யாமிலே கினிப்பன்றிகளிடம் போய்விட்டாள்.

தெல்ஃபினுக்கு இரண்டு வாரமாகத் தெரியும். கீழ்வரிசையில் முன்பல். தினமும் சூப்புக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து காட்டுவாள், அவன் சுண்டுவிரலால் அசைத்துப் பார்த்து "இன்னும் கொஞ்ச நாள்" என்பான். மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

நேலிதா தட்டுகளை எடுத்துக் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தெல்ஃபின், இன்னொரு வாட்டி ஓடலாம்."

"எங்க?"

"அதே ரோட்டுல. பாலம் வரைக்கும் போய்த் திரும்பணும். அதே எட்டு நிமிஷம்."

அவன் சிரித்தான். "எம் முட்டியைப் பாத்தியா? ஏணியில ஏறணும்னாலே கையை ஊன வேண்டியிருக்கு."

"தெரியும். ஓடலாம்."

"எதுக்கு?"

"நான் தோத்தா இங்கேயே இருந்துடுறேன்."

"இருக்கணும்னா இரு நேலி. அதுக்கு எதுக்கு ஓட்டம்?"

"எனக்கு நிக்கத் தெரியல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு தடவையும் இந்த வாட்டி திரும்பிப் போகக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறேன். பத்தாவது நாளு காலு தானா ஷூவைத் தேடுது. உன்னை நான் நிறுத்தினேன். என்னை யாரு நிறுத்துவா?"

சரி என்று சொல்லிவிட்டான்.

*

லாசரோ வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். இரண்டு பேருக்கும் மூளை கலங்கிவிட்டது என்றும், தான் வந்தது யாராவது விழுந்தால் தூக்கத்தான் என்றும் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சனிக்கிழமை காலை எட்டு மணி. ரோட்டோரப் புல்லில் வெள்ளை இன்னும் கரையவில்லை. யாமிலே எர்மீனியாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பப்பா எதற்கு ஓடுகிறார் என்று கேட்டதற்கு, கொழுப்புத்தான் என்றாள் எர்மீனியா.

நேலிதா கிளம்பினாள். எட்டு நிமிடம் கழித்துத் தெல்ஃபின் இறங்கினான், இரவல் வாங்கிய ஷூவோடு.

முதல் கிலோமீட்டர் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூச்சு பழைய இடத்தைத் தானே தேடிக்கொண்டு போய் உட்கார்ந்தது. யூகலிப்டஸ் மர நிழல்கள் காலடியில் விலகிப் போயின. இதைத்தானே விட்டோம் என்று நினைத்துக்கொண்டான். மூன்றாவது கிலோமீட்டரில் இடது முட்டி பேச ஆரம்பித்தது. நாலாவதில் வலது. ஐந்தாவதில் அவன் ஓடவில்லை. காலை இழுத்து இழுத்து வைத்தான். வாத்தியார் வண்டியில் பக்கத்தில் வந்து பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

செங்கல் சூளைகளைத் தாண்டியதும் வாய்க்கால் மதகின் மேல் நேலிதா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இருபது நிமிடமாவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். குளிருக்கு மேல்சட்டையை மாட்டியிருந்தாள்.

"வா. முந்திப் போ" என்றாள்.

அவன் அவளைக் கடந்து போனான். பின்னால் அவள் எழுந்து நடந்து வருகிற சத்தம் கேட்டது. அவளுடைய மெதுநடையே அவன் ஓட்டத்தைவிட வேகம். நெருங்கியதும் நின்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். மறுபடி நெருங்கினாள், மறுபடி நின்று கட்டினாள். மூன்றாவது தடவை அவள் குனிந்தபோது தெல்ஃபின் நின்றுவிட்டான்.

"போதும் நேலி."

"நடந்தே போ. எவ்வளவு நேரமானாலும் சரி. நான் பின்னாடியே வர்றேன். அன்னைக்கு நீ எனக்கு விட்டுக்கொடுத்தே. இன்னைக்கு நான் விட்டுக்கொடுத்துட்டுப் போறேன்."

"விட்டுக்கொடுத்தேன்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீயும் இல்லேன்னு சொன்னதில்ல."

தெல்ஃபின் ரோட்டோரத்தில் மெதுவாக உட்கார்ந்தான். ஐந்து வருடமாகச் சும்மா சிரித்துவைத்த சிரிப்பு இப்போது உதவவில்லை.

"நான் விட்டுக்கொடுக்கல. உசிரைக் குடுத்துத்தான் ஓடினேன். நாப்பது செகண்டு புடிக்க முடியல. நீதான் ஜெயிச்சே."

நேலிதா கயிற்றிலிருந்து கையை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். சூளையிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"நீ குடுத்ததை வீணாக்கக் கூடாதுன்னு நெனச்சுல்ல ஓடிக்கிட்டிருந்தேன்" என்றாள். "ஒவ்வொரு நாளும், காலு போகமாட்டேன்னா, அவன் தன்னோட ஓட்டத்தைத் தூக்கிக் குடுத்தான், நீ நிக்கிறியான்னு எனக்கு நானே கேட்டுக்குவேன். இல்லேன்னா ரெண்டாம் வருஷமே திரும்பி வந்திருப்பேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு சொன்ன பிறகு மற்றதையும் சொல்லாவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும் என்று அவனுக்குப் பட்டது.

"இன்னொண்ணும் இருக்கு. இன்னைக்கு எனக்கு ஜெயிக்க இஷ்டமில்ல. முட்டி நல்லா இருந்தாலும் இஷ்டமில்ல. நீ வீட்டுல இருந்தா அவ உங்கிட்ட வந்துடுவா. ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும், ஆனா வந்துடுவா. பெத்தவ நீ. அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கும், சொல்லு. கேரட்டா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் மனசில் இருந்தது அவனுக்கே தெரிந்தது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் வாய்க்கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லிவச்சிருக்கே?"

"நல்லதாத்தான். மம்மா நமக்காக ஓடுறாங்கன்னு."

"ஒரு நாள் இங்கேயே இருக்க வந்துடுவாங்கன்னு சொல்லியிருக்கியா?"

தெல்ஃபின் யோசித்தான். எத்தனையோ சொல்லியிருக்கிறான். அதைச் சொன்னதாக அவனுக்கு ஞாபகமில்லை.

அவன் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். மேல்சட்டையைக் கழற்றி, வியர்வை குளிர்ந்து நடுங்கிக்கொண்டிருந்த அவன் தோளில் போட்டாள். பிறகு பாலத்துப் பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்று அவள் ஓட்டத்தைப் பார்த்து அவனுக்கு ஐந்து வருடமாகியிருந்தது. தலை அசையவில்லை. தோள் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் யாரோ இழுத்துக்கொண்டு போவது மாதிரி போனாள். அழுதுகொண்டு போகிற ஆள் அப்படி ஓட முடியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துவிட்டு எழுந்து ஊரைப் பார்த்து நடந்தான்.

பாலம் வரை போய்த் திரும்பியவள், அவன் தொட்டியடிக்கு வந்து சேர்வதற்குள் பின்னாலிருந்து வந்து கடந்து போனாள். கடக்கும்போது அவன் முதுகில் ஒரு நொடி கையை வைத்து எடுத்தாள். வாத்தியார் கடிகாரத்தை நிறுத்தவே இல்லை. யார் ஜெயித்தது என்று யாமிலே கேட்டாள். எர்மீனியா அவளைத் தூக்கிக்கொண்டு, வா, புதுசா ரெண்டு கால் கேரட்டு வந்திருக்கு பாக்கலாம் என்று உள்ளே போனாள்.

*

இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதே நேலிதா திங்கட்கிழமை கிளம்பிவிட்டாள். தெல்ஃபின் இருக்கச் சொன்னான். ஒரு தடவைதான் சொன்னான்.

பஸ் நிற்கிற இடத்தில் மூன்று பேரும் முட்டை போட்ட உருளைக்கிழங்கு வாங்கித் தின்றார்கள். அப்போது தெல்ஃபின் குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னான். யாமிலே முகத்தைச் சுளித்தாள். அவன் மறுபடி சொன்னான். அவள் தாயிடம் போய் அண்ணாந்து வாயைத் திறந்தாள்.

"பிடுங்கணுமா?" என்று கேட்டாள் நேலிதா.

"பப்பா உங்களைப் பாக்கச் சொன்னாரு."

நேலிதா மண்டியிட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சுண்டுவிரலால் அந்தப் பல்லைத் தொட்டாள். அது அசைந்தது, ஆனால் இன்னும் வேர் கழலவில்லை. இழுத்தால் வந்திருக்கும். வலித்திருக்கும். பிள்ளையின் கண்கள் பயத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு கையும் பின்னால் தகப்பனின் கால்சட்டையைத் தேடின. நேலிதா விரலை எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் நேரம் ஆகல. டிசம்பர்ல வருவேன். அது வரைக்கும் விழாமப் பாத்துக்கோ, நானே எடுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பெரியவர்கள் சும்மா சொல்கிற பேச்சு. பிள்ளை அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் போன பிறகு வருகிற வழியெல்லாம் வாயை மூடியபடியே வந்தாள். அன்றிலிருந்து ஒரு பக்கமாகவே மென்றாள். ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துத் தின்றாள். தெல்ஃபின் பார்க்க விரலை நீட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டாள். பள்ளியில் கயிறு தாண்டக்கூட மாட்டேன் என்றாளாம், குதித்தால் பல் விழுந்துவிடும் என்று. தாய்க்காக அவள் செய்த முதல் காரியம் அது.

வியாழக்கிழமை மதியம், தொட்டி ஓரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, அவித்த உருளைக்கிழங்கில் சிக்கிக்கொண்டு பல் வந்துவிட்டது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. கிழங்கில் ரத்தத்தைப் பார்த்தாள். பல்லை எடுத்து ஓட்டைக்குள் வைத்து அழுத்தினாள். அது நிற்கவில்லை. இன்னொரு தடவை வைத்தாள். பிறகு தகப்பனிடம் வந்து கையை விரித்துக் காட்டினாள்.

"நான் ஒண்ணும் பண்ணல பப்பா. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

தெல்ஃபின் அவளை மடியில் இழுத்துக்கொண்டான். மற்ற நாளாயிருந்தால் எர்மீனியா கைதட்டி ஊரைக் கூட்டியிருப்பாள். அன்றைக்கு அவளும் எழுந்து லாரிக்காரனைப் பார்க்கப் போய்விட்டாள்.

"மம்மா இனிமே வரமாட்டாங்களா?" என்று யாமிலே கேட்டாள்.

"வருவாங்க."

"பல்லு இல்லாட்டியும்?"

"பல்லு இல்லாட்டியும் வருவாங்க. ஒரு நாள் இங்கேயே இருக்கவும் வந்துடுவாங்க" என்றான் தெல்ஃபின். இதைச் சொல்ல அவனுக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தது. யாமிலே நம்பினாளா என்று தெரியவில்லை. மதியம் முழுக்கப் பல்லைக் கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நேலிதா கூப்பிட்டாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தகப்பனும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பின்னால் முகாமின் நீலச் சுவர் தெரிந்தது. உறைபனி நின்றதா என்று கேட்டாள். உருளை பாதிக்கு மேல் போய்விட்டது என்றான். முட்டி எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றான். பிறகு அவள் குரல் மாறியது.

"பல்லு?"

தெல்ஃபின் மகளைப் பார்த்தான். விழுந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

"இருக்கு" என்றான். "ஆடிக்கிட்டே இருக்கு."

யாமிலே அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு போனுக்கு நேரே தலையை ஆட்டினாள், ஆமாம் ஆமாம் என்று.

நேலிதா பிள்ளையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தெல்ஃபினுக்கும் தெரிந்தது. கையை எடு, பார்க்கலாம் என்று அவள் சொல்லவில்லை.

"அப்படியா? கெட்டிக்காரி" என்றாள். "நான் வர்ற வரைக்கும் அப்படியே வச்சிரு."

விரல்களுக்குப் பின்னாலிருந்து யாமிலே "ம்" என்றாள். போன் அணைந்து திரை கறுத்த பிறகும் வெகு நேரம் அவள் கையை எடுக்கவில்லை.